லைட் எரியுது, ஹாரன் அடிக்குது, செல்ஃப் மட்டும் எடுக்கலையா? புது மோட்டார் வாங்குமுன் இதைப் பாருங்கள்

(திரையில்: சாவி திரும்புகிறது. ‘டக்’. அப்புறம் அமைதி.)

கேட்டீர்களா? இந்த ஒரு ‘டக்’கை நம்பி நான் ஒருமுறை புது ஸ்டார்ட்டர் மோட்டாரே வாங்கி மாட்டியிருக்கிறேன். காருக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, முழங்கை வரை கிரீஸ் பூசிக்கொண்டு, எல்லாம் முடித்து எழுந்து சாவியைத் திருப்பினால் மறுபடியும் அதே ‘டக்’. கோளாறு மோட்டாரில் இல்லவே இல்லை. எங்கே இருந்தது என்று பாதி வீடியோவில் சொல்கிறேன். நேராக அங்கே தாவிவிடாதீர்கள், நடுவில்தான் சுவாரசியமே.

வரலாற்றைச் சட்டென்று முடித்துவிடுவோம். முன்பெல்லாம் காரின் மூக்கில் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். எஞ்சின் திருப்பி அடித்தால் கை முறியும். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார செல்ஃப் ஸ்டார்ட்டர் 1912 மாடல் காடிலாக்கில் வந்தது. அந்தப் பெயரின் வாலை நறுக்கிவிட்டு நம் மெக்கானிக்குகள் ‘செல்ஃப்’ என்று வைத்துக்கொண்டார்கள். கெட்டரிங் அதற்கு முன்பு கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மின்மோட்டார் வைத்த ஆள். கல்லாவுக்கு மோட்டார் ஒரு கணம் ஓடினால் போதும். ஒரு கணம்தான் என்றால் சின்ன மோட்டாரையும் சக்திக்கு மீறி வேலை வாங்கலாம். காரிலும் அதே கணக்குதான். அதனால் சாவியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். பத்து நொடிக்கு மேல் வேண்டாம். பிறகு ஒரு நிமிடமாவது ஆறவிடுங்கள்.

சரி, இப்போது சத்தங்கள்.

சத்தமே இல்லையா? கரண்ட் ஸ்டார்ட்டர் வரை போகவில்லை. ஆட்டோமேட்டிக் கார் என்றால் லீவரை நியூட்ரலுக்குத் தள்ளி ஒருமுறை முயலுங்கள். பல மேனுவல் கார்களில் கிளட்ச்சை முழுதாக மிதிக்காவிட்டால் எடுக்காது. அப்புறம் ஃபியூஸ், ரிலே, இக்னிஷன் சுவிட்ச். டாஷ்போர்டில் சாவிப் படம் மினுக்கினால் பெரும்பாலும் இம்மொபிலைசர் (சாவியை அடையாளம் காணாவிட்டால் எஞ்சினை எடுக்கவிடாத திருட்டுத் தடுப்பு) பூட்டியிருக்கும், மோட்டாரைத் திட்டாதீர்கள்.

‘விர்ர்ர்’ என்று மோட்டார் மட்டும் சுற்றுகிறது, எஞ்சின் அசையவில்லையா? பினியன் (மோட்டார் முனையில் இருக்கும் சின்னப் பல்சக்கரம்) எஞ்சினின் ஃப்ளைவீலைச் சுற்றியிருக்கும் ரிங் கியர் என்ற பல்வளையத்தைக் கடிக்கவில்லை, அல்லது உள்ளே இருக்கும் ஒருவழி கிளட்ச் வழுக்குகிறது. பல் அரைபடுகிற சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். ஃப்ளைவீல் பல்லும் சேர்ந்து போனால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டியிருக்கும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த சத்தம்.

(திரையில்: ‘டகடகடகடகடக’)

ஸ்டார்ட்டரின் முதுகில் குட்டி உருளை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான் சோலனாய்டு. சாவியைத் திருப்பியதும் அது பினியனை முன்னே தள்ளி ரிங் கியரோடு கோக்கிறது. கூடவே, உள்ளே இருக்கும் தடித்த செம்பு கான்டாக்ட்டை மூடி மோட்டாருக்குக் கரண்ட்டைத் திறந்துவிடுகிறது. அந்தக் கணத்தில் மோட்டார் 150 ஆம்பியர் போலக் கேட்கும். சோர்ந்து கிடக்கும் பேட்டரியால் முடியுமா? வோல்ட் சரிகிறது. சரிந்ததும் சோலனாய்டுக்கே பிடித்து நிற்கத் தெம்பில்லை, ஸ்பிரிங் அதைப் பின்னால் தள்ளிவிடுகிறது. பாரம் போனதும் பேட்டரிக்கு மூச்சு வருகிறது, வோல்ட் ஏறுகிறது, சோலனாய்டு மறுபடி இழுக்கிறது. நோஞ்சான் ஒருவர் சிமெண்ட் மூட்டையைத் தூக்கப் பார்த்து, தொப்பென்று போட்டு, ‘இந்தத் தடவை தூக்கிடுவேன்’ என்று மறுபடி குனிகிற மாதிரி. அதுவும் நொடிக்குப் பல தடவை! இதில் ஸ்டார்ட்டர் மேல் பெரும்பாலும் தப்பே இருக்காது. பேட்டரியைச் சார்ஜ் போடுங்கள், டெர்மினலைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

இங்கேதான் கமெண்டில் ஒருவர் வருவார்: ‘அண்ணே, லைட் பளிச்சுன்னு எரியுது, ஹாரன் அடிக்குது. கரண்ட் வராமலா இருக்கு?’

தம்பி, வாங்க. 55 வாட் ஹெட்லைட் பல்பு இரண்டும் சேர்ந்து குடிப்பது சுமார் 9 ஆம்பியர். இணைப்பு ஒன்றில் துரு ஏறி 0.02 ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வையுங்கள். 9 ஆம்பியர் அதைக் கடக்கும்போது தொலைவது 0.18 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. 150 ஆம்பியர் கடந்தால் தொலைவது 3 வோல்ட். பன்னிரண்டில் மூன்று வழியிலேயே போயிற்று! போனது சும்மாவும் போகவில்லை, வெப்பமாகிறது. 150-ஐ 3-ஆல் பெருக்குங்கள்: 450 வாட். ஒரு போல்ட்டுக்கு அடியில் அரை இஸ்திரிப்பெட்டி! சில நொடி முயன்ற பிறகு கேபிளைக் கவ்விப் பிடிக்கும் ஏதாவது கிளாம்ப் சுட்டால், கோளாறு பெரும்பாலும் அங்கேதான். ஆகவே லைட் எரிவதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். எனக்கு இந்தப் புத்தி வர ஒரு மோட்டார் செலவானது.

ஆமாம், என் கதை. எஞ்சினையும் பாடியையும் இணைக்கிற எர்த் பட்டை ஒன்று உண்டு, பின்னல் செம்பு. மோட்டாருக்குப் போன கரண்ட் பேட்டரிக்குத் திரும்புவது இதன் வழியாகத்தான். வெளியே பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. போல்ட்டைக் கழற்றினால் வளையத்துக்கு அடியில் பச்சைப் பொடி, பாடியில் துரு. எல்லாவற்றையும் மாட்டிய பிறகு, வேறு வழியில்லாமல் மல்டிமீட்டரை எடுத்தபோதுதான் பிடிபட்டது.

நீங்கள் அதை முதலிலேயே எடுங்கள். கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழில் வையுங்கள், சிவப்பை எஞ்சினின் சுத்தமான உலோகத்தில். காரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, வேறொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். எனக்கு 4-ஐத் தாண்டியது. அடுத்து பாசிட்டிவ் குமிழிலிருந்து ஸ்டார்ட்டரின் தடித்த போல்ட் வரை இதே மாதிரி பாருங்கள், 0.5-க்குள் இருக்க வேண்டும். முனையைக் கிளாம்ப் மேல் வைத்துவிடாதீர்கள், குமிழ் மேல்தான் வைக்க வேண்டும். துரு இரண்டுக்கும் நடுவில் ஒளிந்துகொள்ளும்.

பேட்டரியும் ஒரு வரியில்: ஓய்வில் 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. சாவி திருப்பும்போது 9.6-க்குக் கீழே சரியக் கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்து, இன்னும் ‘டக்’ மட்டும்தானா? இப்போது மோட்டார் மேல் சந்தேகப்படலாம். சோலனாய்டு கான்டாக்ட் கருகியிருக்கும், அல்லது மோட்டாரின் சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். ஸ்பேனர் பிடியால் மோட்டாரின் உடம்பில் லேசாகத் தட்டினால், பிரஷ் கம்யூட்டேட்டரை (அந்தச் சுழலும் பாகத்தின் செம்பு உருளை) தொட்டு ஒருமுறை எடுத்துவிடலாம். வீடு போய்ச் சேர அது போதும். ஓங்கி அடிக்காதீர்கள்: பல மோட்டார்களுக்குள் நிரந்தரக் காந்தம் ஒட்டியிருக்கிறது, அது நொறுங்கிவிடும்.

கழற்றுவதானால் பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில். முறை மாறி, பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும்.

நான் கழற்றிய அந்தப் பழைய மோட்டார் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது, முழு ஆரோக்கியத்தோடு. நீங்கள் இப்படிக் காரணமே இல்லாமல் எதை மாற்றினீர்கள்? வெட்கப்படாமல் கமெண்டில் எழுதுங்கள், சப்ஸ்கிரைப் அப்புறம் பண்ணிக்கொள்ளலாம்.