அரமா, கூலியா? 'பீம்' என்ற எபிரேயச் சொல்

சபையோருக்கு வணக்கம். 1 சாமுவேல் 13ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இஸ்ரவேல் தேசமெங்கும் ஒரு கொல்லன்கூட இல்லை என்கிறது 19ஆம் வசனம். எபிரேயர், அதாவது இஸ்ரவேலர், வாளும் ஈட்டியும் செய்துவிடக் கூடாதென்று அவர்களுடைய பகைவரான பெலிஸ்தர் பார்த்துக்கொண்டார்கள். கொழுவோ மண்வெட்டியோ கோடரியோ, எதைத் தீட்டுவதானாலும் பெலிஸ்தரிடம்தான் இறங்கிப் போகவேண்டும் என்கிறது 20. அடுத்த வசனத்துக்கு வந்தால், நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, கூர்மையாக்குவதற்கு 'அரங்கள்' மாத்திரம் அவர்களிடத்தில் இருந்ததாகச் சொல்கிறது.

வீட்டில் அரம் இருந்தால் மலையிறங்கிப் பெலிஸ்தன் பட்டறைக்கு ஏன் போனார்கள்? முந்திய வசனம் சொன்னதை இந்த வசனம் கவிழ்த்துவிடுகிறதே! தொழில் தெரிந்தவர்களுக்கு இன்னொரு உறுத்தலும் உண்டு. மழுங்கிப்போன கொழுவை அரத்தால் ராவிச் சரிசெய்ய முடியாது; ராவ ராவ இருக்கிற இரும்பும் தேயும். உலையில் பழுக்கக் காய்ச்சி, பட்டடையில் வைத்து அடித்து, நுனியை நீட்டி எடுக்கவேண்டும். அது கொல்லன் வேலை.

குறை தமிழில் மொழிபெயர்த்தவர்களுடையது அல்ல. 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்திலும் அரம்தான். எபிரேய மூலத்தில் அந்த இடத்தில் இருப்பவை இரண்டு சொற்கள்: 'ஹப்பெட்சீரா பீம்'. 'பெட்சீரா' எபிரேய வேதாகமம் முழுவதிலும் இங்கே மட்டும்தான் வருகிறது. 'பீம்' என்பதும் அப்படியே. அதே வசனத்தில் முக்கூர் ஆயுதத்தைக் குறிக்கும் 'கில்லெஷோன்' என்ற சொல்லும் வேறெங்கும் வராது. ஒரே வசனத்தில் மூன்று ஒற்றைச் சொற்கள் நின்றால் எந்த மொழிபெயர்ப்பாளனும் தடுமாறத்தான் செய்வான்.

'பே' என்றால் எபிரேயத்தில் வாய். வாளின் கூர்ப்பக்கத்தையும் வாய் என்றே சொல்வார்கள். நாமும் கத்திவாய் என்கிறோம். ஆகவே 'பீம்' என்றால் வாய்கள், பல வாய்கள் உள்ள கருவி என்றால் அரம் என்று ஊகித்தார்கள். ஊகம் அழகாக இருக்கிறது, இலக்கணம் இடம் கொடுக்கவில்லை. நியாயாதிபதிகள் 3:16இல் ஏகூத்தின் இருபுறமும் கூர்மையான கத்திக்கு வரும் பன்மை 'பேயோத்'. நீதிமொழிகள் 5:4இல் 'பீயோத்'. கூர்முனையைச் சொல்லும் இடங்களில் 'பீம்' என்ற பன்மை கிடையாது.

முடிச்சை அவிழ்த்தது அகராதி அல்ல, கல். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலஸ்தீனத்தில் கிடைத்த சிறு எடைக்கற்கள் சிலவற்றில் பழைய எபிரேய எழுத்தில் 'ப-ய-ம்' என்று மூன்றெழுத்து வெட்டியிருந்தது. பின்னர் எருசலேம், லாகீஸ் போன்ற இடங்களிலும் இவை கிடைத்தன. பெரும்பாலும் சுண்ணாம்புக்கல், அடி தட்டை, மேல்புறம் குவிமாடம்போல். யூதாவில் அப்போது நாணயம் வழக்கத்தில் இல்லை. தராசின் ஒரு தட்டில் வெள்ளித் துண்டுகளும் மறுதட்டில் இந்தக் கல்லும் வைத்து நிறுத்துக் கொடுப்பார்கள். எடைக்கு எபிரேயத்தில் வழங்கும் சொல்லே 'எவென்', அதாவது கல். படிக்கல் என்று சொல்லிப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வெள்ளியை நிறுக்க யூதாவில் வழங்கிய அடிப்படை எடை சேக்கல், ஏறத்தாழ 11.3 கிராம். அதற்குக் கீழே சிறிய எடைகள் மூன்று. நெட்ஸெஃப் 9.8 அளவில், பீம் 7.8 அளவில், பெக்கா 6 கிராமுக்குச் சற்றே முன்பின். பெக்கா என்றால் அரைச்சேக்கல் என்று யாத்திராகமம் 38:26 தானே சொல்லிவிடுகிறது. பீமுக்கு அப்படி விளக்கம் சொல்லும் வசனம் கிடையாது. சேக்கலில் மூன்றில் இரண்டு பங்கு 7.5 கிராம்தான். பீம் அதைவிடக் கொஞ்சம் கனம். ஆகவே 'மூன்றில் இரண்டு' என்பது நெருங்கிய கணக்கு. கிராம் சுத்தமாகப் பொருந்தும் என்று யாரும் பிரசங்கிக்க வேண்டாம். பெயரின் பிறப்பையும் இந்தப் பின்னத்தோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. சகரியா 13:8இல் இரண்டு பங்கு மாண்டு மூன்றாம் பங்கு மீந்திருக்கும் இடத்தில் 'பீ ஷெனாயிம்' என்று வருகிறது. சொல்லுக்குச் சொல், 'இரண்டு வாய்'.

இப்போது வசனத்தைப் படியுங்கள். கொழுவுக்கும் மண்வெட்டிக்கும் தீட்டுக்கூலி ('பெட்சீரா') ஒரு பீம். கோடரிக்கும் தாற்றுக்கோலுக்கு முள் பூட்டவும் சேக்கலில் மூன்றில் ஒரு பங்கு என்று பல புதிய மொழிபெயர்ப்புகள் தொடர்கின்றன. அந்தப் பின்பகுதியில் மூலம் கரடுமுரடு, அவ்வளவு உறுதி இல்லை. பீம் உறுதி. வசனத்தில் இருந்தது கருவி அல்ல, கூலிக் கணக்கு.

அந்தக் கூலி எவ்வளவு கனம்? நியாயாதிபதிகள் 17:10இல் மீகா என்பவன் தன் வீட்டில் ஆசாரியனாக வைத்துக்கொண்ட லேவியனுக்குச் சோறும் துணியும் போக ஆண்டுக்குப் பத்து வெள்ளி பேசுகிறான். அதைப் பத்துச் சேக்கல் என்று கொண்டால் ஒரு பீம் அதில் பதினைந்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய 24 நாள் சம்பளம். ஒரு கொழுவை ஒருமுறை தீட்ட! இரும்பை ஆள்கிறவன் வைத்ததே விலை.

ஒரு எச்சரிக்கை. பீம் கல் கிடைத்ததால், இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலின் காலத்தில் நடந்ததாக இந்த அதிகாரம் சொல்லும் செய்தி அப்படியே நிரூபணமாகிவிட்டது என்று மேடைகளில் சொல்லக் கேட்கிறோம். இந்தக் கற்கள் பெரும்பாலும் கி.மு. 8ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 586இல் எருசலேம் விழும்வரை உள்ளவை. சவுல் அதற்கு முந்நூறு ஆண்டு மூத்தவர். கல் காட்டுவது வேறொன்று: இந்த வாக்கியத்தை எழுதியவருக்கு, விளக்கம் தேவைப்படாத அளவுக்குப் பீம் பழகியிருந்தது. எருசலேம் விழுந்தபின் கல்லும் போயிற்று, சொல்லும் போயிற்று. சில நூற்றாண்டு கழித்துக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர் 'பெட்சீரா'வை 'பாட்சீர்', அதாவது திராட்சை அறுப்பு, என்று வாசித்திருக்க வேண்டும். அவர் எழுதிவைத்தது: திராட்சை அறுப்புக்கு ஆயத்தமாயிருந்தது.