மார்கழி குறுகுவதும் ஆனி நீளுவதும்

நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

மார்கழி விடியலில் மயிலாப்பூர் மாடவீதிகளில் திருப்பாவை பாடிச் செல்பவர்களுக்கு ஒரு கணக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். பாசுரங்கள் முப்பது, ஆனால் பல ஆண்டுகளில் மார்கழிக்கு 29 நாள்களே வருவதால், இரண்டு பாசுரங்களுக்கு ஒரே நாளில் இடம் செய்ய வேண்டியிருக்கும். அதே நாள்காட்டியில் ஆனி மாதத்துத் தாள்களை எண்ணிப் பார்த்தால் 31 இருக்கும், அல்லது 32 இருக்கும். ஒரு மாதம் ஏன் இப்படிக் குறுகுகிறது, இன்னொன்று ஏன் இப்படி நீளுகிறது என்பதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சூரியன் ஒரு ராசிக்குள் நுழைந்ததிலிருந்து அடுத்த ராசிக்குள் நுழையும் வரையிலான காலமே தமிழ் மாதம். வான்வட்டத்தைப் பன்னிரண்டு சம பங்குகளாகப் பகுத்ததில் ஒரு பங்கு ஒரு ராசி. பங்குகள் சமமாக இருக்க, அவற்றைக் கடக்கும் காலம் மட்டும் சமமாக இல்லை என்றால், சூரியன் நம் கண்ணுக்குச் சில மாதங்களில் விரைவாகவும் சில மாதங்களில் மெதுவாகவும் நகர்கிறது என்று பொருள். உண்மையில் நகர்வது நம் பூமி. அது சூரியனைச் சுற்றும் பாதை ஒரு நீள்வட்டம். சூரியன் அதன் நடுவில் இல்லை, நடுவுக்கு இருபுறமும் சற்று விலகி அமைந்த குவியங்கள் என்னும் இரு புள்ளிகளுள் ஒன்றில் இருக்கிறது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை, ஜனவரி முதல் வாரத்தில், பூமி சூரியனுக்கு மிக அருகில், ஏறத்தாழ 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் வந்து சேர்கிறது. இதை அண்மைநிலை என்கிறோம். ஜூலை முதல் வாரத்தில் 15 கோடியே 21 லட்சம் கிலோமீட்டர் தொலைவுக்கு விலகிச் செல்கிறது. அது சேய்மைநிலை. அண்மைநிலையில் பூமியின் வேகம் நொடிக்கு 30.3 கிலோமீட்டர், சேய்மைநிலையில் 29.3 கிலோமீட்டர். இந்த ஒரு கிலோமீட்டர் வேறுபாடுதான், தொலைவின் வேறுபாட்டோடு சேர்ந்து, மார்கழியிலிருந்து ஒரு நாளையோ இரு நாளையோ எடுத்து ஆனியில் சேர்க்கிறது. ஜனவரி முதல் வாரம் மார்கழியின் நடுப்பகுதியை ஒட்டியும், ஜூலை முதல் வாரம் ஆனியின் நடுப்பகுதியை ஒட்டியும் அமைவதை நாள்காட்டியிலேயே சரிபார்க்கலாம்.

செவ்வாய்க் கோளின் நிலைகளை வானியலர் டைக்கோ பிராகி குறித்துவைத்த துல்லியமான அளவுகளோடு பல ஆண்டுகள் போராடி, இந்த நீள்வட்டப் பாதையையும் மாறும் வேகத்தையும் வானியலர் யோகான்னஸ் கெப்ளர் 1609இல் வெளியிட்டார்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். பாடநூல் படங்களில் பூமியின் பாதையை முட்டை போல நீட்டி வரைவதால், அருகில் வரும்போது கோடை, விலகும்போது குளிர் என்று பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். இதற்கு நான் மொட்டை மாடியில் ஒரு படம் வரையச் சொல்வதுண்டு. இரு குவியங்களாக இரண்டு ஆணிகளை 1.7 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டு, அவற்றைச் சுற்றி நூல் வளையம் போட்டு, சாக்பீஸால் இழுத்துப் பிடித்து ஒரு மீட்டர் நீளமுள்ள நீள்வட்டம் வரையுங்கள். அதுதான் பூமியின் பாதை. அதன் அகலம் ஒரு மீட்டருக்கு எவ்வளவு குறைவு தெரியுமா? ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு. சாக்பீஸ் கோட்டின் தடிமனே அதைவிடப் பல மடங்கு அதிகம். யார் பார்த்தாலும் வட்டம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் சூரியனாகிய ஆணி மட்டும் நடுவிலிருந்து 8 மில்லிமீட்டர் தள்ளி நிற்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். பாதை நீண்டிருப்பதைவிடச் சூரியன் நடுவிலிருந்து விலகியிருப்பதே பெரிய செய்தி என்பதை அந்த ஆணி காட்டிவிடும்.

அண்மைநிலையில் பூமிக்கு வரும் சூரிய ஆற்றல் சேய்மைநிலையைவிட ஏறத்தாழ 7 விழுக்காடு அதிகம். அப்படியிருந்தும் சென்னையில் நாம் போர்வையைத் தேடுவது மார்கழியில்தான். பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதால், அந்நாள்களில் நண்பகல் சூரியன் நமக்கு 54 பாகை உயரம் வரைதான் ஏறுகிறது. பகலும் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறைவு. கத்திரி வெயிலின்போதோ சூரியன் ஏறத்தாழ நம் உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது.

நிலவுக்கும் இவ்விரு நிலைகள் உண்டு. அங்கே வேறுபாடு பெரிது. பூமியிலிருந்து அதன் தொலைவு ஏறத்தாழ 3,56,000 கிலோமீட்டருக்கும் 4,07,000 கிலோமீட்டருக்கும் இடையே மாறுகிறது. அண்மைநிலையிலிருந்து புறப்பட்டு மறுபடி அண்மைநிலைக்கு வர அதற்குச் சராசரியாக 27.55 நாள் ஆகும். இதை ஒன்பதால் பெருக்கினால் 248 நாள், ஏறக்குறைய மிச்சமில்லாமல். நம் வீடுகளில் புழங்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தின் அடித்தளம் இந்த 248தான். 248 நாள்களுக்கும் நிலவு எங்கே இருக்கும் என்பதை, எழுத்துகளையே எண்களாகக் கொண்ட 248 சிறு வாக்கியங்களாக முன்னோர் அமைத்து, மனப்பாடமாகக் கொண்டுவந்தார்கள். பழைய கணித நூல்கள் சேய்மைநிலையை மந்தோச்சம் என்கின்றன. நகர்ச்சி மந்தமாகும் உச்சம் என்பது அதன் பொருள். ஜாதகத்தில் சொல்லப்படும் உச்சம் வேறு, இது வேறு. பெயரிலேயே இயற்பியலை வைத்திருக்கும் இச்சொல் மீண்டும் வழக்குக்கு வர வேண்டும் என்பது என் ஆசை.

நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் அங்குள்ள வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அந்த வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன், புதுச்சேரியில் வாழ்ந்த ஒரு பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, வாக்கியங்களை நினைவிலிருந்தே சொல்லி, 1825ஆம் ஆண்டின் ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்ததை எழுதிவைத்திருக்கிறார். காகிதமில்லை, எழுதுகோலில்லை. கணிப்பு கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிசகியது. நிலவு அருகில் வந்து விரைவதையும் விலகிப்போய்த் தாமதிப்பதையும் கணக்கில் கொள்ளாமல் சராசரி வேகத்தை மட்டும் வைத்துக் கணித்தால், கிரகண நேரம் பல மணி நேரம் தவறிப்போகக்கூடும். அந்தச் சோழிகள் எண்ணியது நிலவின் அண்மையையும் சேய்மையையும்தான்.

நன்றி. வணக்கம்.