ஃப்ளூ கொள்ளைநோய் வந்தால் சோற்றுக் கேரியரை யார் தூக்குவது?

[காட்சி: வேலூர் சைதாப்பேட்டைச் சந்து. சைக்கிள் கைப்பிடியில் டிபன் கேரியர்கள்.]

தனியாக வாழும் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகும் சிறிய குழு எங்களுடையது. மொத்தம் இருபத்திரண்டு வீடுகள். எந்தப் பாட்டிக்குச் சர்க்கரை, யாருக்குச் சோறு குழைந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் எங்கள் அண்ணன் ஒருவரின் தலைக்குள் மட்டுமே இருந்தது. ஓர் ஐப்பசி மாதம் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். சோறு தயாராக இருந்தது, தூக்க ஆளும் இருந்தார், வீடுதான் தெரியவில்லை. ஏழு கேரியர்கள் திறக்காமலே திரும்பி வந்தன.

சாதாரணக் காய்ச்சலுக்கே இந்த லட்சணம்.

[காட்சி: கிருமியின் படம், மேலே முட்கள்.]

ஃப்ளூ கிருமி ஓயாமல் உருமாறுவது. சின்ன மாற்றம் என்றால் நம் உடம்பு ஓரளவு அடையாளம் கண்டுகொள்ளும். பறவை, பன்றி இவற்றின் கிருமிகளோடு கலந்து புது முகத்தோடு வந்தால், ஊரில் ஏறக்குறைய யாரிடமும் எதிர்ப்புச் சக்தி இருக்காது. 1918-இல் வந்தது இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. 2009 ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொள்ளைநோய் என்று அறிவித்த பன்றிக் காய்ச்சல், அதனோடு ஒப்பிட்டால் சாது.

பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் ஊர், நமக்கென்ன என்று வேலூர்க்காரர்கள் நினைப்பதுண்டு. சி.எம்.சி.க்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் காட்பாடியில் வந்து இறங்கும் கூட்டத்தைப் பாருங்கள். எங்கோ கிளம்பும் நோய்க்கு நம் ஊர் தூரமில்லை.

வெள்ளம் வந்தால் பக்கத்து மாவட்டத்திலிருந்து லாரியில் அரிசி வரும், ஆளும் வருவார்கள். கொள்ளைநோயில் பக்கத்து மாவட்டமும் படுத்திருக்கும். கடுமையான கட்டத்தில் பணியாளர்களில் நாற்பது சதவீதம் பேர் வரை வரமுடியாமல் போகலாம் என்று வைத்துத்தான் அமெரிக்கத் திட்டக் குறிப்புகள் கணக்குப் போட்டன. எங்கள் குழுவில் பத்துப் பேர். ஆறு பேரை வைத்து என்ன செய்வோம் என்று உட்கார்ந்து பேசினோம்.

முதலில் எதை நிறுத்துவது என்பதில் சண்டை வந்தது. சேவை செய்கிறவர்களுக்கு நிறுத்துவது என்றாலே ஆகாது. கண் பரிசோதனை முகாம், ஆண்டு விழா இரண்டையும் தள்ளிப்போடலாம் என்று முடிவாயிற்று. சோறும் மாத்திரையும் ஒருநாளும் நிற்கக் கூடாது. அடுத்தது சங்கடமான விஷயம். எங்களில் நான்கு பேர் ஓய்வுபெற்றவர்கள், அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். ஃப்ளூ வந்தால் பொதுவாக ஆபத்து அதிகம் இந்த வயதுக்காரர்களுக்குத்தான். அவர்களைத் தெருவுக்கு அனுப்பாமல், தினமும் வீடுவீடாகப் போன் செய்து விசாரிக்கும் வேலையைக் கொடுத்தோம். உள்ளபடியே, சோற்றைவிட இரண்டு வார்த்தைப் பேச்சுக்காகக் காத்திருப்பவர்கள் அந்த இருபத்திரண்டில் பலர்.

[காட்சி: வாசற்படியில் கேரியர். நான்கு முழம் தள்ளி நிற்கும் இளைஞர்.]

அறிகுறி தெரிவதற்கு ஒருநாள் முன்பே ஃப்ளூ பரவத் தொடங்கிவிடும். அதனால் நன்றாக இருப்பவரும் முகக்கவசத்தோடுதான் போக வேண்டும். கேரியரை வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். கை கழுவ விலை உயர்ந்த திரவம் எதுவும் வேண்டாம். இந்தக் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சாதாரண சோப்பே அதை உடைத்துவிடும். இருபது விநாடி தேய்க்கப் பொறுமைதான் வேண்டும்.

காய்ச்சல் கண்ட முதியவரை நாளை பார்க்கலாம் என்று விடாதீர்கள். ஃப்ளூ மருந்து முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். சந்தேகத்துக்கு மருத்துவ ஆலோசனை எண் 104. மூச்சுத் திணறினாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108.

[காட்சி: நாற்பது பக்க நோட்டு, மஞ்சள்பொடிக் கறையோடு.]

அண்ணன் தலைக்குள் இருந்ததெல்லாம் இப்போது இந்த நோட்டில் இருக்கிறது. பிரதி மூன்று பேர் வீட்டில் இருக்கிறது. யாருக்கு எந்த மாத்திரை, எந்தத் தேதியில் தீரும் என்பதும் உண்டு. பதினான்காம் வீட்டுக்கு நேராக அவர் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: “கதவைத் தட்டாதே. ஜன்னலைத் தட்டு. அம்மாவுக்கு இடது காதுதான் கேட்கும்.”