கால் புண்ணுக்கு ஸ்டெம் செல் ஊசி போடலாமா?

நேயர்களுக்கு வணக்கம். "விரலை எடுக்கணும்னு சொல்லிட்டாங்க டாக்டர், ஸ்டெம் செல் ஊசி போட்டா கால் பிழைச்சிடுமா?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் இப்போது நிறையப் பேர். கேட்பவர் கையிலிருக்கும் செல்போனில் பெரும்பாலும் ஏதோ ஒரு விளம்பரம் திறந்திருக்கும். ஸ்டெம் செல் என்பது உடலில் வேறு வகை செல்களாக மாறக்கூடிய மூலச் செல். சட்டென்று ஆமாம், இல்லை என்று சொல்லிவிடக்கூடிய விஷயமில்லை இது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே பேசுகிறேன்.

முதலில் அந்தப் புண் ஏன் ஆறவில்லை என்று பார்க்கணும். சர்க்கரை பல வருடம் கட்டுக்குள் இல்லாமல் போனால் கால் நரம்புகள் மரத்துப்போகும். செருப்பில் ஒரு சின்னக் கல் கிடந்தாலும் உறைக்காது, நாள் முழுக்க அதன் மேலேயே நடந்துவிட்டு ராத்திரி தரையில் ரத்தக்கறையைப் பார்த்த பிறகுதான் காலைத் திருப்பிப் பார்ப்பார்கள். நாங்கள் ஒரு நைலான் இழையை வைத்துச் சோதிப்போம், 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற மெல்லிய இழை. கண்ணை மூடச் சொல்லி உள்ளங்காலில் அதை அழுத்தி, "தெரிகிறதா?" என்று கேட்டால், "இன்னும் ஆரம்பிக்கலையா டாக்டர்?" என்று கேட்பவர்கள் உண்டு. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், முழங்காலுக்குக் கீழே இருக்கும் ரத்தக்குழாய்கள் அடைபடுகின்றன. புண் ஆறத் தேவையான ஆக்ஸிஜனும் நாம் போடுகிற ஆன்டிபயாடிக்கும் ரத்தத்தோடுதான் அங்கே போய்ச் சேரணும், வழியே இல்லையென்றால் என்ன மருந்து கொடுத்தும் பயனில்லை. அதற்கு மேல் கிருமித் தொற்றும் சேர்ந்துகொண்டால் காலுக்கே ஆபத்து. சர்க்கரை நோயாளிகளில் 19 முதல் 34 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது கால் புண் வரலாம் என்று மதிப்பிடுகிறார்கள்.

ஸ்டெம் செல் சிகிச்சை முக்கியமாகக் குறிவைப்பது இந்த ரத்த ஓட்டப் பிரச்சினையைத்தான். 2002இல் ஜப்பானிய மருத்துவர்கள் நோயாளியின் இடுப்பு எலும்பிலிருந்தே மஜ்ஜையை எடுத்து, அதிலிருந்து பிரித்த செல்களைக் கெண்டைக்கால் தசையில் ஊசியாகப் போட்டார்கள். ரத்த ஓட்டம் கூடியது, வலி குறைந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் உலகம் முழுக்க நம்பிக்கை பிறந்தது. அந்தச் செல்களே புது ரத்தக்குழாயாக மாறிவிடும் என்றுதான் அப்போது பலரும் நினைத்தார்கள். இப்போது தெரிவது வேறு: செலுத்திய செல்களில் பெரும்பாலானவை சீக்கிரமே மறைந்துவிடும், இருக்கிற வரைக்கும் அவை சுரக்கிற புரதங்கள்தான் பக்கத்துக் குழாய்களைக் கிளைவிடத் தூண்டி அழற்சியையும் தணிக்கின்றன.

சரி, கால் பிழைத்ததா? 2015இல் நெதர்லாந்தில் 160 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு வந்தது. பாதிப் பேருக்குத் தொடைத் தமனி வழியாக மஜ்ஜை செல்கள், மீதிப் பேருக்கு அதே மாதிரி தெரிகிற போலி மருந்து. 6 மாதம் கழித்து, காலை இழந்தவர்களின் கணக்கில் செல்களால் எந்த நன்மையும் தெரியவில்லை. ஆனால் வாழ்க்கைத் தரம் கூடியதாக இரண்டு தரப்புமே சொன்னார்கள், போலி மருந்து வாங்கியவர்கள் உட்பட! அதனால்தான் "எனக்கு வலி போயிடுச்சு" என்று ஒருவர் வீடியோவில் சொல்வதை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை. அவர் பொய் சொல்கிறார் என்று சொல்ல மாட்டேன். வலி குறைந்தது நிஜமாகவே இருக்கலாம், அது செல்லால் குறைந்ததா என்பதுதான் கேள்வி.

நம்பிக்கை தரும் பக்கமும் உண்டு. 2011இல் சீனாவில் 41 சர்க்கரை நோயாளிகளிடம் செய்த ஆய்வில், மஜ்ஜையிலிருந்து பிரித்து வளர்த்த மீசன்கைமல் என்ற ஒரு வகை ஸ்டெம் செல்கள், வளர்க்காத மஜ்ஜை செல்களைவிடப் புண்ணைச் சீக்கிரம் ஆற்றின. சர்க்கரை நோயாளியின் சொந்த மஜ்ஜை செல்களே சோர்ந்துபோயிருக்கும் என்பதால், ஆரோக்கியமான இன்னொருவரின் செல்களையோ தொப்புள்கொடி செல்களையோ பயன்படுத்தவும் முயல்கிறார்கள். ஆஞ்சியோவோ பைபாஸோ செய்ய வழியே இல்லாத கால்களுக்கு என்றாவது இது கைகொடுக்கும் என்று நானும் நம்புகிறேன்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். நரம்பு மரத்து, அழுத்தத்தால் மட்டுமே வந்த புண்ணுக்கு ரத்த ஓட்டம் நன்றாகவே இருக்கும், அதற்குத் தேவை அந்த இடத்தில் பாரம் விழாமல் காலுக்குப் போடுகிற பிரத்யேக மாவுக்கட்டு. அதைப் போடாமல் செல் ஊசிக்குக் காசு சேர்த்துக்கொண்டே வாரக்கணக்கில் நடந்தால் புண் எலும்பு வரைக்கும் போய்விடும். அப்புறம், சரியான கண்காணிப்பில்லாத இடத்தில் செல் ஊசி என்பது சாதாரண விஷயமில்லை. 2015இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் மூன்று பெண்கள் பணம் கட்டி, தங்கள் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களைக் கண்களில் போட்டுக்கொண்டு பார்வையை இழந்தார்கள். அதை ஒரு ஆய்வு என்று நம்பிப் போனவர்களும் அவர்களில் உண்டு.

ஆகவே யாராவது இந்தச் சிகிச்சையைச் சொன்னால் தயங்காமல் கேளுங்கள். என் கால் ரத்த ஓட்டத்தை அளந்தீர்களா? கணுக்காலில் மட்டும் அளந்தால் போதாது, சர்க்கரை நோயில் அங்கே குழாய் சுண்ணாம்பு படிந்து விறைத்து, அளவு பொய்யாக நன்றாகக் காட்டும், கால் விரலிலும் அளக்கணும். அடைப்பை நீக்க முடியாது என்று ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் பார்த்துச் சொன்னாரா? இது ஆய்வு என்றால் எங்கே பதிவாகியிருக்கிறது, நெறிமுறைக் குழு ஒப்புதல் எங்கே, நான் ஏன் பணம் கட்டணும்? அதற்குள் விரல் கறுத்தாலோ, சிவப்பு மேலே ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, எந்த ஊசிக்கும் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.