முன்னோர் இல்லாத நாட்டில் ஒரு மலை

'நார்டிக் (நார்வே, ஐஸ்லாந்து போன்ற வட ஐரோப்பிய நாடுகளின்) கதைகளில் இறந்தவர்கள் ஏன் எப்போதும் ஒரு மலையிலோ பாறையிலோ குடியிருக்கிறார்கள்?' என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். 'எப்போதும்' என்பதை மட்டும் எடுத்துவிடலாம். ஐஸ்லாந்தில் இடத்தை விட்டுவிட்டுக் குடும்பத்தின் பின்னாலேயே அலையும் பேய்களும் உண்டு. சில ஒன்பது தலைமுறை வரை விடாதாம்.

சரி, மலைக்கு வருவோம். மேற்கு ஐஸ்லாந்தில் ஹெல்காஃபெல் என்று ஒரு குன்று. பெயருக்குப் பொருள் 'புனித மலை'. உயரம் வெறும் 73 மீட்டர். நார்வேயிலிருந்து வந்து அங்கே குடியேறிய தோரோல்ஃப், தானும் தன் உறவினரும் செத்தபின் அதற்குள்தான் போவோம் என்று நம்பினார். முகம் கழுவாமல் யாரும் அதைப் பார்க்கக்கூடாது என்றும் சொல்லிவைத்தார். இது எய்ர்பிக்ஜா சாகாவில் வருகிறது. சாகா என்பது ஐஸ்லாந்தின் பழைய உரைநடைக் கதை.

அவர் மகன் தோர்ஸ்டைன் ஓர் இலையுதிர்காலத்தில் மீன்பிடிக்கப் போனார். அன்று மாலை ஆட்டிடையன் பார்க்கிறான்: மலையின் வடபுறம் திறந்துகிடக்கிறது. உள்ளே பெருந்தீ, விருந்துச் சத்தம். தோர்ஸ்டைனையும் கூடப் போனவர்களையும் வரவேற்கிறார்கள். அப்பாவுக்கு எதிர் இருக்கையில் உட்காரச் சொல்கிறார்கள். தோர்ஸ்டைன் கடலில் மூழ்கிப்போன செய்தி மறுநாள் காலைதான் வீட்டுக்கு வந்தது. அழுகையைவிட அந்த விருந்துச் சத்தம்தான் எனக்கு நடுக்கம் தருகிறது.

ஏன் மலை? நார்வேயில் பண்ணைக்குப் பக்கத்திலேயே முன்னோரின் புதைமேடு இருந்தது. 870-ஐ ஒட்டி ஐஸ்லாந்துக்குக் கப்பலேறியவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு வர முடியுமா? புது மண்ணில் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு கல்லறைகூட இல்லை. அதனால் கண்ணில் பட்ட குன்றையே முன்னோர் வீடாக்கிக்கொண்டார்கள் என்பது என் எண்ணம். நினைவு இல்லாத இடத்துக்கு அவர்களே நினைவு வைத்தார்கள்.

அறிபுனைவிலும் இதே சிக்கல்தான். வேற்றுக்கோளில் குடியேறும் கதைகளில் ஆக்சிஜன், பயிர், எரிபொருள் எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கும். முதலில் சாகிறவர் எங்கே போவார் என்று பலரும் யோசிப்பதில்லை. அதை யோசிக்கும் கதையில்தான் அந்தக் கோள் ஊராக மாறுகிறது. தோரோல்ஃப் இறங்கியவுடனேயே அதை முடிவுசெய்துவிட்டார், பாருங்கள்.

அப்புறம், அந்தக் குன்றில் இன்றும் ஆட்கள் ஏறுகிறார்கள். அடிவாரத்தில் குட்ருன் என்ற சாகா நாயகியின் கல்லறை என்று ஓர் இடத்தைக் காட்டுவார்கள். அங்கிருந்து பேசாமல், திரும்பிப் பார்க்காமல் உச்சிக்குப் போனால் மூன்று வரம் கேட்கலாமாம்.