உளவு அமைப்பின் வழக்கறிஞர்: எதிர்த்தரப்பு இல்லாத சட்டத்தொழில்

[திரையில்: வெர்ஜீனியா மாநிலம் லாங்லியில் உள்ள சி.ஐ.ஏ. தலைமையகம்]

வணக்கம். வழக்கறிஞர் என்றதும் நீதிமன்றமும், எழுந்து நின்று ஆட்சேபிக்கும் எதிர்த்தரப்பும்தான் நம் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் உளவு அமைப்புகளில் பணிபுரியும் வழக்கறிஞர்களுக்கோ பெரும்பாலான நாள்களில் எதிர்த்தரப்பு என்ற ஒன்று இருப்பதே இல்லை. இந்த வேலைக்குள் எப்படி நுழைவது என்பதையும், நுழைந்த இளம் வழக்கறிஞரிடம் அது எதை எதிர்பார்க்கிறது என்பதையும் இந்தக் காணொளியில் பார்ப்போம்.

[திரையில்: 1947ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டம்]

சி.ஐ.ஏ. 1947இல் உருவானபோது அதன் முதல் தலைமைச் சட்ட ஆலோசகராகப் பொறுப்பேற்ற லாரன்ஸ் ஹூஸ்டன், 1973 வரை அப்பதவியில் இருந்தார். அமைப்பு தொடங்கிய சில நாள்களிலேயே, வெளிநாடுகளில் மறைமுக நடவடிக்கைகளில் இறங்க 1947ஆம் ஆண்டுச் சட்டம் தங்களுக்கு அதிகாரம் அளிக்கவில்லை என்று அவர் இயக்குநருக்குக் குறிப்பு எழுதினார். பின்னர், குடியரசுத் தலைவர் ஆணையிட்டு நாடாளுமன்றம் நிதியும் ஒதுக்கினால் அத்தகைய நடவடிக்கைகள் செல்லும் என்ற நிலைக்கு அவரது ஆலோசனை நகர்ந்தது. இரண்டு கருத்துகளில் எது சரி என்பதை அப்போது எந்த நீதிபதியும் தீர்மானிக்கவில்லை. அலுவலகத்துக்குள் ஒரு வழக்கறிஞர் எழுதியதே நடைமுறைச் சட்டமாக நின்றது. இந்தத் தொழிலின் கவர்ச்சியும் ஆபத்தும் ஒருங்கே இங்குதான் இருக்கின்றன.

1975இல் செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான செனட் குழு உளவு அமைப்புகளின் அத்துமீறல்களை வெளிக்கொணர்ந்த பிறகு நிலைமை மாறியது. வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டம் 1978இல் வந்தது; உளவு அமைப்புகளின் பணிகளையும் வரம்புகளையும் வகுக்கும், இன்றும் நடைமுறையில் உள்ள நிர்வாக ஆணை 12333, குடியரசுத் தலைவர் ரீகன் காலத்தில் 1981இல் வந்தது. விதிகள் பெருகியதால் அவற்றைப் படித்துச் சொல்ல ஆள்களும் தேவைப்பட்டனர். பிற்காலத்தில் சி.ஐ.ஏ.வின் பொறுப்புத் தலைமைச் சட்ட ஆலோசகரான ஜான் ரிஸ்ஸோ 1976இல் சேர்ந்தபோது அங்கே இருபதுக்கும் குறைவான வழக்கறிஞர்களே இருந்தனர். அவர் 2009இல் ஓய்வுபெறும்போது அந்த எண்ணிக்கை நூறைத் தாண்டியிருந்தது.

[திரையில்: விண்ணப்பத்தின் கட்டங்கள்]

இனி நுழையும் வழி. அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். கிரீன் கார்டு போதாது. மூன்றாண்டுச் சட்டப் படிப்பை முடித்து, ஏதேனும் ஒரு மாநிலத்தின் வழக்கறிஞர் தேர்வில் தேறியிருக்க வேண்டும். படிக்கும்போதே கோடைக்காலப் பயிற்சிக்குச் செல்வதும், படிப்பு முடிந்தவுடன் புதியவர்களுக்கென உள்ள சிறப்புத் திட்டத்தில் சேர்வதும், சில ஆண்டுகள் வேறிடத்தில் பணியாற்றிவிட்டு வருவதும் வழக்கமான பாதைகள். ரிஸ்ஸோகூடச் சுங்கத் துறையிலிருந்து வந்தவர்தான். அரசியலமைப்புச் சட்டம், நிர்வாகச் சட்டம், குற்றவியல் நடைமுறை ஆகியவற்றில் தேர்ச்சியும், சுருக்கமாகவும் தெளிவாகவும் எழுதும் திறனும், 'தேசியப் பாதுகாப்பு' என்ற பெயர் தாங்கிய பாடத்தைவிட அதிகம் கைகொடுக்கும் என்பது என் கருத்து.

தேர்வானாலும் உடனே வேலையில் சேர முடியாது. பாதுகாப்பு அனுமதிக்கான படிவத்தில் கடந்த பத்தாண்டுகளில் வசித்த முகவரிகள், பார்த்த வேலைகள் ஆகியவற்றுடன், வெளிநாட்டு உறவினர்கள், கடன் நிலுவைகள், போதைப்பொருள் பயன்பாடு குறித்தும் எழுத வேண்டும். அதன்பின் பின்னணி விசாரணையும் பாலிகிராஃப் எனும் பொய் கண்டறியும் சோதனையும் தொடரும். இவை பல மாதங்கள் இழுக்கும் என்பதால் படிப்பு முடிவதற்கு ஓராண்டு முன்பே விண்ணப்பிப்பது நல்லது. வெளிநாட்டில் உறவினர்கள் இருப்பது மட்டுமே விண்ணப்பத்தைத் தடுத்துவிடாது. ஆனால் அவர்களைத் தெரிந்தே மறைப்பது தடுக்கும், அதுவே குற்றமும் ஆகும்.

[திரையில்: மேரிலாந்து மாநிலம் ஃபோர்ட் மீட், என்.எஸ்.ஏ.]

சேர்ந்த பிறகு என்ன வேலை? ஒப்பந்தங்கள், ஊழியர் தகராறுகள், தகவல் கோரிக்கைகள் என எந்த அரசுத் துறையிலும் உள்ள சட்டப்பணிகள் இங்கேயும் உண்டு. படங்களில் வருவதைப் போன்ற பரபரப்பை எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். இந்த இடத்துக்கே உரிய வேலையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மின்னணுத் தகவல் தொடர்புகளைக் கவனிக்கும் என்.எஸ்.ஏ., வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டத்தில் 2008இல் சேர்க்கப்பட்ட 702ஆம் பிரிவின் கீழ் ஒரு வெளிநாட்டவரின் மின்னஞ்சலைக் கண்காணிக்கிறது என்று கொள்வோம். அவருக்கென்று தனியே நீதிமன்ற உத்தரவு தேவையில்லை. ஆனால் அவர் அமெரிக்கர் அல்லாதவராகவும் நாட்டுக்கு வெளியே இருப்பவராகவும் நியாயமாக நம்பப்பட வேண்டும். அவர் ஒருநாள் நியூயார்க்கில் வந்து இறங்குகிறார் என்றால், அந்தப் பிரிவின் கீழான கண்காணிப்பு பொதுவாக நிறுத்தப்பட வேண்டும். அவர் வந்துவிட்டார் என்று நம்ப எவ்வளவு ஆதாரம் போதும், அதன்பின் தவறுதலாகச் சேர்ந்த தகவலை என்ன செய்வது, யாருக்கு அறிவிப்பது என்றெல்லாம் பகுப்பாய்வாளர் கேட்கும்போது, அன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டியவர் இந்த வழக்கறிஞர்தான். கண்காணிக்கப்படுபவருக்கு இது தெரியாது என்பதால், அவர் சார்பில் கேள்வி எழுப்பவும் எவரும் இருக்கமாட்டார்கள்.

தனிப்பட்ட உத்தரவு தேவைப்படும் விவகாரங்கள், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியால் நியமிக்கப்படும் 11 நீதிபதிகள் கொண்ட இரகசிய நீதிமன்றத்துக்குச் செல்கின்றன. அங்கும் பெரும்பாலும் அரசுத் தரப்பு மட்டுமே பேசுகிறது. ஆகவே வழக்கறிஞர் வைக்கும் தாளை நீதிபதி நம்பியே ஆக வேண்டியிருக்கிறது. அந்த நம்பிக்கை உடைந்ததும் உண்டு. உளவுப் பணியும் செய்யும் எஃப்.பி.ஐ.யின் வழக்கறிஞர் ஒருவர், 2017இல் ஒரு கண்காணிப்பு விண்ணப்பத்தைப் புதுப்பிக்கும் வேளையில், சம்பந்தப்பட்ட நபர் மற்றோர் அமைப்புக்குத் தகவல் தந்தவர் அல்லர் என்று பொருள்படும்படி ஒரு மின்னஞ்சலில் சொற்களைச் சேர்த்தார். துறைத் தலைமை ஆய்வாளரின் விசாரணையில் அது வெளிப்பட்டது. 2020இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2021இல் நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார். சாதாரண வழக்கில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டிருக்கக்கூடிய ஒரு கேள்வியை இங்கே கேட்க எவரும் இல்லை.

இதனால், 'முடியாது' என்று சொல்லத் தெரிந்தவரே இங்கே நல்ல வழக்கறிஞர் என்று எண்ணிவிடக் கூடாது. இந்த வழக்கறிஞரின் கட்சிக்காரர் அமைப்புதான். எந்த அதிகாரியும் தனிப்பட்ட முறையில் கட்சிக்காரர் அல்லர். சட்டம் அனுமதிப்பதை அச்சத்தால் தடுப்பவரையும், அனுமதிக்காததை அவசரத்துக்காக வளைப்பவரையும் அந்த அமைப்பால் தாங்க முடியாது. 2002இல் சி.ஐ.ஏ. கேட்டதற்கு நீதித்துறை அமைச்சக வழக்கறிஞர்கள் கடும் விசாரணை முறைகளை அனுமதித்துக் கருத்துரை எழுதினர்; அதற்கு அடிப்படையாக அவர்கள் அதே ஆண்டு எழுதிய சித்திரவதைச் சட்ட விளக்கம் இரண்டே ஆண்டுகளில் விலக்கிக்கொள்ளப்பட்டது. அதை நம்பிச் செயல்பட்டவர்கள் மீதான கேள்விகளோ இன்றும் ஓயவில்லை.

[திரையில்: கறுப்பு மையால் மறைக்கப்பட்ட ஆவணப் பக்கம்]

ஊதியம் அரசு அளவுகோலின்படிதான். பெரிய தனியார் நிறுவனங்களுடன் ஒப்பிட முடியாது. அங்கிருந்து வேறு வேலைக்குப் போவதிலும் ஒரு வேறுபாடு உண்டு. வெற்றிபெற்ற வழக்குகளைச் சொல்லிக்கொள்ள இயலாது என்பது மட்டுமல்ல, சி.ஐ.ஏ.வில் பணியாற்றியவர் தம் பணி தொடர்பாக எழுதுவதை வெளியிடுமுன் அமைப்பின் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும் என்ற ஒப்பந்தம் ஆயுள் முழுதும் அவரைக் கட்டுப்படுத்தும். அதை மீறி நூல் வெளியிட்ட முன்னாள் அதிகாரியின் வருமானத்தை அரசே எடுத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 1980இல் தீர்ப்பளித்தது. அடுத்த நிறுவனத்துக்கு அனுப்பும் தன்விவரக் குறிப்பையும், அனுப்புமுன் அந்த ஆய்வுக்குக் கொடுத்தாக வேண்டும்.