பெட்டி பல லட்சம், கேசட் ஒன்று

அன்புள்ள நேயர்களுக்கு வணக்கம்.

முதலில் ஓர் ஒலி. ஐந்து விநாடிதான். ரேடியோ பழுதாகிவிட்டதோ என்று யாரும் குமிழைத் திருப்ப வேண்டாம்.

(கேசட் ஒலி, ஐந்து விநாடி)

நீளமாக ஒரு விசில். பிறகு தகரக் கூரையில் மணலை வாரி இறைத்தது போல ஒரு கரகரப்பு. நீங்கள் கேட்டது ஒரு கணினி நிரல், அதாவது ப்ரோக்ராம். 1980களில் வீட்டுக்கு வாங்கிய கணினிகளில் ப்ரோக்ராமைச் சேமிக்கப் பெரும்பாலும் பாட்டு கேட்கும் சாதாரண கேசட்தான். கணினிக்குத் தெரிந்தவை சுழியும் ஒன்றும். சுழிக்கு ஒரு சுருதி, ஒன்றுக்கு இன்னொரு சுருதி என்று வைத்துவிட்டால் எந்த டேப் ரெக்கார்டரும் அதைப் பதிந்துகொள்ளும். இப்போது ஒலித்தது பிபிசி மைக்ரோ என்ற கணினியின் கேசட். அதில் சுழிக்கு 1200 ஹெர்ட்ஸ், ஒன்றுக்கு 2400 ஹெர்ட்ஸ். சரியாக இரண்டு மடங்கு. சங்கீதம் தெரிந்தவர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: கீழ் ஸட்ஜமும் மேல் ஸட்ஜமும். அந்த இரண்டே ஸ்வரம் விநாடிக்கு 1200 என்ற வேகத்தில் முன்னும் பின்னுமாக ஓடினால் நம் காதுக்குக் கரகரப்பு. கணினிக்கு அது பாடம்.

பழைய கணினிகளைத் தேடி வாங்கி, துடைத்து, பழுது பார்த்து ஓடவைப்பது இருபது ஆண்டுகளாக என் மாலைநேர வேலை. உலகம் முழுவதும் இப்படிப் பலர் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜிலும் பிளெட்ச்லி பார்க்கிலும் இதற்கென்றே அருங்காட்சியகங்கள் உண்டு. எங்களைப் போன்ற சேகரிப்பாளர்களிடம் நான் ஓயாமல் சொல்லிவரும் ஒன்றை இன்று உங்களிடமும் சொல்ல வந்திருக்கிறேன். பெட்டிக்குக் கொடுக்கிற மதிப்பில் பாதியாவது கேசட்டுக்குக் கொடுங்கள். பிபிசி மைக்ரோ 1981 டிசம்பரில் வெளிவந்தது. மொத்தம் சுமார் 15 லட்சம் விற்றது. ஒன்று போனால் இன்னொன்று கிடைக்கும். ஆனால் ஒரு மாணவனோ ஆசிரியையோ தன் கையால் எழுதிப் பதிந்த ப்ரோக்ராம் உலகத்தில் அந்த ஒரு கேசட்டில் மட்டும்தான் இருக்கிறது. பெட்டி பல லட்சம், கேசட் ஒன்று.

எனக்கு இதைப் புரியவைத்தது ஒரு காயலான் கடை. எட்டு வருடங்களுக்கு முன்பு சென்னையில் அந்தக் கடைக்காரர் ஒரு பிபிசி மைக்ரோவை எடைக்குப் போட்டார். நம் நாட்டில் 1984இல் தொடங்கிய 'கிளாஸ்' என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் முதலில் 250 பள்ளிகளுக்கு இந்த வகைக் கணினிதான் போனது. அப்படி ஏதோ ஒரு பள்ளியிலிருந்து வந்ததாக இருக்கலாம். காசு கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது, சாக்கின் அடியில் கிடந்த ஒரு கேசட்டையும் எடுத்துச் சும்மாவே கொடுத்தார். மேலே நீல மையில் 'வாய்ப்பாடு' என்று எழுதியிருந்தது. எழுத்து குண்டு குண்டாக, கரும்பலகையில் எழுதிப் பழகிய கை.

ஒரு மாதம் அதை நான் தொடவில்லை. கணினியைச் சுத்தம் செய்வதிலேயே போயிற்று. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பென்சிலைச் சொருகி நாடாவை இழுத்துச் சுற்றிவிட்டு, டேப் ரெக்கார்டரில் போட்டேன். திரையில் 'சர்ச்சிங்' என்று வந்தது, தேடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்படியே நின்றது. ஒலி மந்தமாக, கம்பளிக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

டேப் ரெக்கார்டர் வைத்திருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நாடாவைத் தொட்டுப் படிக்கும் உறுப்புக்கு ஹெட் என்று பெயர். அதன் ஓரத்தில் ஒரு சின்ன திருகாணி உண்டு. பதிந்த இயந்திரத்தில் ஹெட் ஒரு நூல் சாய்ந்திருந்தால், கேட்கிற இயந்திரத்திலும் அதே சாய்வு வேண்டும். இல்லாவிட்டால் உச்ச சுருதிகள் மங்கிப்போகும். தெருமுனை ரேடியோ மெக்கானிக் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, கண்ணை மூடி, மெல்லிய ஸ்குரூ டிரைவரால் எதையோ கால் சுற்று திருப்புவாரே, அந்தத் திருகாணிதான். நானும் திருப்பினேன். கால் சுற்று, பிறகு அதில் பாதி திரும்பப் பின்னால். திடீரென்று கம்பளி விலகியது போலக் கரகரப்பு கூர்மையானது. திரையில் 'லோடிங்'. ப்ரோக்ராம் துண்டு துண்டாக வரும். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் திரையில் ஏறும். ஏழாவது துண்டு முடிந்ததும் கணினிக்குள் இருக்கும் ரிலே என்ற சுவிட்ச் 'டக்' என்று தட்டிக்கொண்டது. வந்துவிட்டது.

ஓடவிட்டேன். உன் பெயர் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டது. எத்தனை கணக்கு வேண்டும் என்று கேட்டது. பத்து என்றேன். பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் மாற்றி மாற்றிக் கேட்டு, கடைசியில் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டது. பதினாறாம் வாய்ப்பாடு என்றால் நம் ஊர்ப் பள்ளிதான்.

பிறகு ப்ரோக்ராமின் வரிகளைத் திரையில் வரவழைத்துப் படித்தேன். எழுதியிருந்த மொழி பேசிக். இதில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஓர் எண் உண்டு. 10, 20, 30 என்று பத்துப் பத்தாகத்தான் போடுவார்கள். இந்த மொழி அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமினி, தாமஸ் குர்ட்ஸ் என்ற இரண்டு கணிதப் பேராசிரியர்கள் உருவாக்கியது. 1964 மே 1ஆம் தேதி விடிகாலை நான்கு மணிக்கு முதலில் ஓடியது. அன்று திரை கிடையாது, தட்டச்சு இயந்திரம் போன்ற டெலிடைப்தான். காகிதத்தில் அடித்ததை அழித்து நடுவில் நுழைக்க முடியாது அல்லவா? எண் கொடுத்து அடித்தால், எப்போது அடித்தாலும் கணினி அதை உரிய இடத்தில் செருகிக்கொள்ளும். பத்துப் பத்தாக இடைவெளி விடுவது, நாளைக்கு நினைவுக்கு வரப்போகும் வரிகளுக்காக.

வாய்ப்பாடு ப்ரோக்ராமில் 300 இருந்தது, 310 இருந்தது. நடுவில் 305 என்று ஒரு வரி. அந்த வரி 'ரெம்' என்று தொடங்கியது. ரெம் வரியைக் கணினி படிக்காமல் தாண்டிவிடும். அது மனிதர்களுக்கான குறிப்பு. ஆங்கில எழுத்தில் தமிழாக அதில் எழுதியிருந்தது: 'இங்கே தப்பு வரும், பார்க்கவும்'.

அடுத்த வரியான 310இல்தான் மதிப்பெண் கணக்கு. சரியான விடைகளை மொத்தக் கேள்விகளால் வகுக்கிற இடம். எனக்குப் பொறி தட்டியது. மறுபடி ஓடவிட்டு, எத்தனை கணக்கு வேண்டும் என்ற கேள்விக்கு சுழி என்று அடித்தேன். நின்றுவிட்டது. சுழியால் வகுக்க முடியாது, வரி 310 என்று பிழைச் செய்தி.

யோசித்துப் பாருங்கள். எழுதும்போதே தெரிந்திருந்தால் அது 310 ஆகவோ 320 ஆகவோ வரிசையில் வந்திருக்கும். 305 என்பதால், எல்லாம் எழுதி முடித்த பிறகு செருகியது. வகுப்பில் ஏதோ ஒரு குழந்தை, எனக்குக் கணக்கே வேண்டாம் என்று சுழியை அடித்திருக்க வேண்டும். கணினி நின்றிருக்கும். அன்று சாயங்காலமோ மறுநாளோ அந்த ஆசிரியர் உட்கார்ந்து இந்த வரியைச் சேர்த்திருக்கிறார். திருத்த நேரம் கிடைக்கவில்லை போலும். இப்படி ஒரு வகுப்பறையின் ஒரு நாள் முழுசாக எந்தப் பெட்டியிலும் எனக்குக் கிடைத்ததில்லை. கேசட்டில் கிடைத்தது.

இதை ஏன் வானொலியில் வந்து சொல்கிறேன் என்றால், ப்ரோக்ராம் வெறும் ஒலி என்பதால் அதை வானொலியிலும் அனுப்பலாம். அனுப்பியும் இருக்கிறார்கள்! யூகோஸ்லாவியாவில், 1983இல். அங்கே அன்று 50 ஜெர்மன் மார்க்குக்கு மேல் விலையுள்ள பொருளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவரக் கட்டுப்பாடு. கணினி எல்லாம் அந்த விலையைத் தாண்டியது. வோயா அன்டோனிச் என்ற பொறியாளர் அந்தக் கோடையில் மனைவியுடன் கடலோர ஊர் ஒன்றுக்கு விடுமுறைக்குப் போனவர், அங்கே உட்கார்ந்து யோசித்து ஒரு வழி கண்டார். திரையில் படம் காட்டுவதற்கென்று தனியாக விலையுயர்ந்த சிப் வேண்டாம், அந்த வேலையையும் கணினியின் மூளையான ஸெட் 80 என்ற ப்ராசஸரே பார்த்துக்கொள்ளட்டும் என்று வடிவமைத்தார். விலை குறைந்தது, பாகங்கள் குறைந்தன, வீட்டிலேயே ஈயம் பற்றவைத்துச் செய்துகொள்ளலாம் என்றாயிற்று. கலாக்சியா என்ற அறிவியல் பத்திரிகையின் சிறப்பிதழில் முழு வரைபடமும் வந்தது. கணினிக்கும் அதே பெயர். மறுபடி மறுபடி அச்சிட்டு ஒரு லட்சம் பிரதி போயிற்று. 8,000 பேராவது பாகங்கள் அடங்கிய கிட் கேட்டு எழுதினார்கள்.

அந்தக் கணினியின் பேசிக் மொழி 4 கிலோபைட்டுக்குள் அடக்கம். இடம் அவ்வளவு குறைவு என்பதால் பிழைச் செய்திகள் மூன்றே மூன்று. நீங்கள் அடித்தது அதற்குப் புரியவில்லை என்றால் 'வாட்?', என்ன? புரிந்தது ஆனால் செய்ய வழியில்லை என்றால் 'ஹவ்?', எப்படி? நினைவகத்தில் இடம் போதவில்லை என்றால் 'சாரி', மன்னிக்கவும். இந்த மூன்றைவிட ஒரு கணினி மனிதனிடம் வேறு என்ன சொல்ல வேண்டியிருக்கிறது!

அதே 1983இல்தான் பெல்கிரேட் 202 வானொலியில் ஸோரான் மோட்லி என்ற அறிவிப்பாளரின் 'வென்டிலேட்டர் 202' நிகழ்ச்சியில் ப்ரோக்ராம்களை ஒலிபரப்பத் தொடங்கினார்கள். பத்திரிகையின் ஆசிரியர் யோவா ரெகாசெக் கொடுத்த யோசனை. பாட்டுக்கு நடுவே நீங்கள் இப்போது கேட்டதுபோன்ற கரகரப்பு. நேயர்கள் அதை டேப்பில் பிடித்து, தங்கள் கணினியில் ஏற்றி ஓடவிட்டார்கள். தாங்களே எழுதிய ப்ரோக்ராம்களையும் நிலையத்துக்கு அனுப்பினார்கள். சிலோன் வானொலியில் பாட்டு வருகிற நேரம் பார்த்து, ரெக்கார்டர் பொத்தானில் விரலை வைத்துக் காத்திருந்த தலைமுறை நாம். அதே விரல், அதே காத்திருப்பு. பதிந்தது மட்டும் வேறு. நெதர்லாந்து வானொலியில் இன்னும் ஒரு படி மேலே போய் பேசிகோட் என்ற பொது முறையை வகுத்தார்கள். பேசிக் மொழி கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். பேசிகோடில் எழுதினால் எல்லாருடைய கணினியிலும் ஓடும். பிபிசியும் பிறகு அதை ஒலிபரப்பியது.

இந்தக் கதையில் என்னை உறுத்தும் இடம் ஒன்று இருக்கிறது. அன்டோனிச் தன்னிடம் இருந்த ஐந்து மாதிரிக் கணினிகளையும் 1995இல் தூக்கிப் போட்டுவிட்டார். இனி யாருக்கு வேண்டும் என்று நினைத்துவிட்டார். செய்தவரே போட்டுவிட்டார். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. பன்னிரண்டு வருடப் பழைய பொருள் எந்த வீட்டிலும் குப்பைதான். பின்னாளில் காணாமல்போயிருந்த ஒன்று கிடைத்து, இன்று பெல்கிரேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வரைபடம் இருப்பதால் புதிதாகவும் பலர் செய்துகொள்கிறார்கள். ஆக, கணினி பிழைத்துக்கொண்டது. வானொலியைக் கேட்டு ஆயிரம் வீடுகளில் பதிந்த கேசட்டுகளும், அந்தப் பிள்ளைகள் தாங்களே எழுதிப் பதிந்தவையும்? திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். பெட்டி பல லட்சம், கேசட் ஒன்று.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சைகை வருகிறது. பிபிசி மைக்ரோவை உருவாக்கிய சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் அதே கணினியில், அதே பேசிக்கில் மாதிரி எழுதிப் பார்த்துத்தான் 1985இல் ஆர்ம் என்ற ப்ராசஸரைச் செய்தார்கள். இன்று உங்கள் கைபேசிக்குள் இருப்பது அதன் வழிவந்ததுதான். அதை விரிவாகச் சொல்ல எடுத்து வைத்திருந்தேன். இந்த அளவில் விடுகிறேன்.

அவசியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பரணில் பழைய கணினி இருந்தால் உடனே பிளக்கில் சொருகாதீர்கள். அதன் மின்பகுதியில் காகிதம் வைத்த கண்டன்சர்கள் இருக்கலாம். மேல் பூச்சு வருடக்கணக்கில் விரிசல் விட்டு, ஈரக்காற்று உள்ளே இறங்கியிருக்கும். நான் முதன்முதலில் வாங்கிய கணினியில் பத்தே நிமிடத்தில் அது வெடித்து வீடெல்லாம் புகை. அதை மாற்றிய பிறகுதான் மின்சாரம். உள்ளே பேட்டரி இருந்தால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள். கசிந்தால் பலகையை அரித்துவிடும்.

கேசட்டை ஒலிபெருக்கியின் பக்கத்தில் வைக்காதீர்கள், உள்ளே காந்தம் இருக்கிறது. நல்ல டேப் ரெக்கார்டரில் போட்டு, அந்த ஒலியைக் கணினியில் வேவ் கோப்பாகப் பதியுங்கள். எம்பி3 வேண்டாம், அது ஒலியைச் சுருக்கும்போது நமக்குத் தேவையானதையும் தின்றுவிடலாம். இரண்டு பக்கமும் பதியுங்கள். உறையில் பேனாவால் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் படம் எடுத்துக் கூடவே வையுங்கள்.

வணக்கம்.